ரைட்-ஆன் எழுதப் போகும் பிள்ளைகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

நேற்று இரவு பதினொரு மணிக்கு அக்கா மகள் போன் செய்தாள். நியூஜெர்சியில் வளர்ந்தவள், இப்போது சட்டக் கல்லூரியில் முதல் ஆண்டு. இறுதித் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "சித்தி, ரைட்-ஆனுக்கு ப்ளூபுக்கை முழுசா மனப்பாடம் பண்ணணுமாமே, நிஜமா?" என்று கேட்டாள். ரைட்-ஆன் என்பது கல்லூரியின் சட்ட இதழில் சேர நடக்கும் எழுத்துப் போட்டி, ப்ளூபுக் என்பது மேற்கோள் விதிப் புத்தகம். குரல் உடைந்திருந்தது. ஒவ்வொரு ஏப்ரலிலும் யாராவது ஒரு பிள்ளை இதே கேள்வியோடு, இதே பயத்தோடு வருகிறது. அதனால் அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். அமெரிக்கச் சட்டக் கல்லூரி மூன்று வருடப் படிப்பு. ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளுக்கும் சொந்தமாக ஒரு ஆய்விதழ் உண்டு, அதுதான் லா ரிவ்யூ. வரி, சுற்றுச்சூழல், தொழில்நுட்பம் என்று தனித் துறைகளுக்கும் பல இதழ்கள் உண்டு. பெரும்பாலான இதழ்களை நடத்துவது முழுக்க மாணவர்கள். பெரிய பேராசிரியர் அனுப்பிய கட்டுரையாக இருந்தாலும் அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும், வரிவரியாகத் திருத்துவதும், ஒவ்வொரு அடிக்குறிப்பையும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதும் இருபத்து நான்கு, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள். அந்தக் குழுவில் சேர முதல் ஆண்டு மதிப்பெண் ஒரு வழி. மே மாதம் தேர்வு முடிந்த கையோடு நடக்கும் எழுத்துப் போட்டி இன்னொரு வழி, அதைத்தான் ரைட்-ஆன் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கல்லூரிகள் நிறைய.

நான் கோயம்புத்தூரில் பொறியியல் படித்து, நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே சட்டம் படிக்க வந்தவள். "வெளிநாட்டிலிருந்து வந்தவங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது, நேரத்தை வீணாக்காதே" என்று ஒரு சீனியர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். இருந்தும் எழுதினேன், இடம் கிடைத்தது. அடுத்த வருடம் மற்றவர்கள் எழுதியதைப் படித்து மதிப்பெண் போடும் வேலை எனக்கு வந்தது. பெயர் இருக்காது, வெறும் எண்தான். எழுதியவர் எந்த ஊர், என்ன நிறம், எந்த உச்சரிப்பு, எதுவும் தெரியாது. கட்டுக் கட்டாகப் படித்த அந்த இரண்டு வாரம்தான் எனக்கு உண்மையான பாடம். இங்கே நான் சொல்வது பெரும்பாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கற்றது.

முதலில் ப்ளூபுக். யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம், போட்டியின்போது அது கையிலேயே இருக்கும். மேற்கோள் காட்டும் விதிகளின் தொகுப்பு அது, 1926-இல் தொடங்கியது, ஹார்வர்டு, யேல், கொலம்பியா, பென்சில்வேனியா ஆகிய நான்கு சட்ட இதழ்கள் சேர்ந்து வெளியிடுகின்றன. 2025-இல் 22-ஆம் பதிப்பு வந்துவிட்டது. உங்கள் கல்லூரி எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். தெரிய வேண்டியது எதை எங்கே தேடுவது என்பது மட்டும். வழக்கு எந்த விதியில், சட்டப் பிரிவு எந்த விதியில், சுருக்கங்களின் அட்டவணை எந்தப் பக்கத்தில், அவ்வளவுதான். வண்ணச் சீட்டு ஒட்டிக்கொள்ளுங்கள், முப்பது விநாடியில் விரல் அங்கே போய் நிற்க வேண்டும்.

கண்ணைப் பழக்குவது இன்னும் முக்கியம். இதழ் அடிக்குறிப்பில் வழக்கின் பெயரை முழுதாகக் கொடுக்கும்போது சாய்வெழுத்து கிடையாது, அதே பெயர் கட்டுரையின் உடலில் வந்தால் சாய்வெழுத்து. ஃபெடரல் தீர்ப்புத் தொகுப்புகளின் சுருக்கப் பெயர்களில், 'எஃப்.3டி' (F.3d) என்பதில் நடுவே இடைவெளி இல்லை, 'எஃப். சப்.' (F. Supp.) என்பதில் உண்டு. முந்தைய ஆதாரமே மறுபடி என்பதைக் குறிக்க 'இட்.' (Id.) என்று எழுதினால் அதன் பின் வரும் புள்ளியும் சாய்ந்திருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டால் சிரிப்பு வரலாம், புள்ளி சாய்ந்தால் என்ன, நிமிர்ந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் அந்தக் குழுவில் சேர்ந்த பிறகு அடுத்த ஒரு வருடம் செய்யப் போகும் வேலை இதுதான். உங்களால் பொறுமையாகப் பார்க்க முடியுமா என்று அவர்கள் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது.

அதிலும் அழகான ஒரு பகுதி உண்டு. ஒரு வாக்கியத்தை ஆதாரம் நேரடியாகவே சொல்கிறதென்றால் அதன் முன் எதுவும் போட வேண்டாம். நேரடியாகச் சொல்லாமல், அதிலிருந்து தெளிவாகக் கிடைக்கிறதென்றால் 'சீ' (See, அதாவது 'பார்க்க') என்று போட வேண்டும். வேறொரு கருத்தைச் சொல்லி, ஒப்புமையால் துணை நிற்கிறதென்றால் வேறு சொல், எதிராக நின்றால் இன்னொன்று. நான் சொல்வதற்கும் என் ஆதாரம் சொல்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று ஒவ்வொரு வரியிலும் ஒத்துக்கொள்ளும் நேர்மை அது. இந்தச் சில பக்கங்களை மட்டும் மூன்று முறை படியுங்கள்.

சரி, எழுத்துக்கு வருகிறேன். என் மனசில் இருப்பது இதுதான்.

ஒரு தீர்ப்பையும் அதைச் சுற்றிய வழக்குகளையும் கட்டுரைகளையும் ஒரே கட்டாகக் கொடுப்பார்கள். பல நேரம் ஒரே கேள்விக்கு இரண்டு ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இரண்டு பதில் சொல்லியிருக்கும் விஷயமாக இருக்கும். அதைப் பற்றி உங்கள் வாதத்தை எழுத வேண்டும். நம் பிள்ளைகள் இங்கே சறுக்குவதற்கு ஆங்கிலம் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நான் படித்தவரை அது உண்மை இல்லை. எளிய, குறுகிய வாக்கியத்தில் எழுதியவர்களுக்கு நான் நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறேன். சறுக்குவது, தாங்கள் எந்தத் தரப்பு என்று சொல்லத் தயங்குவதால். முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளியில் பழகிய நமக்கு, சொல்ல வேண்டியதைக் கடைசியில் சொல்வதுதான் மரியாதை. ஏழு பக்கத்தில் ஐந்து பக்கம் வழக்கின் கதையை அழகாகச் சொல்லிவிட்டு, ஆறாவது பக்கத்தில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்று சொல்லிவிட்டு, கடைசிப் பத்தியில் மெதுவாக ஒரு கருத்து எட்டிப் பார்க்கும். படிப்பவர் அதற்குள் மதிப்பெண்ணை முடிவு செய்திருப்பார்.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் வேறொன்றைப் பார்க்கிறேன். அவர்களுக்கு அமைப்பு தெரியும், ஆனால் நீதிபதி தவறு செய்தார் என்று எழுதக் கை வராது. பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசாதே என்று வீட்டில் கேட்டு வளர்ந்த கை அது. அக்கா மகளே "நான் யாரு சித்தி அவரைத் தப்புன்னு சொல்ல?" என்றாள். நான் சொன்னேன், தப்பு என்று மட்டும்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. முடிவு சரி, அதற்குச் சொன்ன காரணம் பலவீனமானது என்று எழுதலாம். சரியான கேள்வியையே நீதிமன்றம் கேட்கவில்லை என்று எழுதலாம். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி பாதி தூரம் வந்தார், மீதித் தூரத்தை இப்படிக் கடந்திருக்கலாம் என்று எழுதலாம். எதுவானாலும் முதல் பத்தி முடிவதற்குள், ஒரே வாக்கியத்தில், அது கண்ணில் பட வேண்டும். எதிர்வாதத்தை ஒளிக்காதீர்கள், அதன் வலுவான வடிவத்தை எடுத்து வைத்துப் பதில் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரியும். உங்கள் கல்லூரி இதழில் வெளிவந்த மாணவர் குறிப்புகளில் (நோட் எனப்படும், மாணவர்களே எழுதும் கட்டுரைகள்) நாலைந்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் வாதம் எந்த வரியில் வருகிறது என்று கோடு போடுங்கள். அப்புறம் வகுப்பில் ஏற்கெனவே படித்த ஒரு தீர்ப்புக்கு நீங்களே ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். மொத்தமாகப் பத்து மணி நேரம் போதும். அதற்கு மேல் இப்போது செலவழிக்காதீர்கள், தேர்வுதான் முதலில்.

விதிகளை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டில் உள்ளதைத் தவிர வெளியே எதையும் தேடக் கூடாது என்றால் கூடாதுதான். நண்பரிடம் கேட்பதும் அப்படித்தான். ஏஐ கருவிகள் பற்றி உங்கள் கல்லூரி என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். மீறினால் போட்டி மட்டும் போகாது, பிறகு வழக்கறிஞராகப் பதிவு செய்யும்போது நடத்தையைப் பற்றிக் கேட்கிற படிவத்தில் அதை எழுத வேண்டி வரும்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். தேர்வு முடிந்த மறுநாளே சென்னைக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். கல்யாணம், காதுகுத்து எல்லாம் மே மாதத்தில்தான் வரும், எனக்குத் தெரியும். ஆனால் போட்டித் தேதியைப் பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் பயணத்தை முடிவு செய்யுங்கள். தேர்வு எழுதி ஓய்ந்துபோன பிள்ளைகளை உடனே உட்கார வைப்பதே கொடுமை என்று நான் நினைக்கிறேன். அதிலும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் பாடு சொல்லி முடியாது. கல்லூரிகள் இதை யோசித்தே ஆக வேண்டும். என் வகுப்பில் எனக்குத் தெரிந்தே பலர் மூன்றாம் நாளில் விட்டுவிட்டார்கள், அவர்களில் என்னைவிட நன்றாக எழுதுபவர்களும் இருந்தார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று அத்தான் கேட்டார். வேலைக்கு உதவும், நீதிபதிகளிடம் கிளார்க்காக, அதாவது சட்ட உதவியாளராகச் சேர உதவும், அது உண்மை. எனக்கு வேறொரு காரணம் இருக்கிறது. 1887-இல் தொடங்கிய ஹார்வர்டு லா ரிவ்யூவில், மூன்றே வருடம் கழித்து 1890-இல், வாரன், பிராண்டைஸ் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் தனிமனித அந்தரங்க உரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மாணவர்கள் நடத்திய இதழ். 2017-இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தபோது, அந்தக் கட்டுரையையும் எடுத்துப் பேசினார்கள். அந்த இதழின் அடிக்குறிப்புகளை யாரோ ஒரு மாணவன் சரிபார்த்திருப்பான் இல்லையா, நான் அவனைத்தான் நினைத்துக்கொள்வேன்.

கட்டு திறந்துவிட்டால் நான் அவளுக்கு ஒரு வரிகூடச் சொல்ல முடியாது, அவளும் என்னிடம் கேட்கக் கூடாது. அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வரச் சொல்லியிருக்கிறேன். தவறுகளோடு இருபது அடிக்குறிப்புகளை அச்செடுத்து வைத்திருக்கிறேன், ஏழாவதில் ஒரு புள்ளி நிமிர்ந்து நிற்கிறது. மதியத்துக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டால், சாப்பிட்டுவிட்டு அவள் கான்ட்ராக்ட்ஸ் பாடத்தைப் படிக்கப் போகலாம்.