பாட்டியையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள்

போன சனிக்கிழமை சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்ட்டில் வகுப்பு தொடங்குகிறது. வாழ்த்திவிட்டு வரலாம் என்று இனிப்போடு போனேன். அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டது. "கட்டணத்தைப் பற்றிக் கவலையே இல்லை. என் மசேநியிலிருந்து (மத்திய சேமநிதி, ஓய்வுக்காலத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் சேமிப்பு) எடுத்துக்கொள்ளலாம். யார் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை."

இதையே, கிட்டத்தட்ட இதே சொற்களில், 2000ஆம் ஆண்டில் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். சம்பளச் சீட்டுகளையெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அலமாரிக்கு மேலே வைத்திருப்பார். நான் படிவத்தை நீட்டியதும் மசேநிப் பணத்தை எடுக்கச் சம்மதித்துக் கையொப்பமிட்டார். என் இடத்தில் நானும் கையொப்பமிட்டேன். அது கடன் என்று படிவத்திலேயே இருந்தது. நான் வாசிக்கவில்லை, அப்பாவும் வாய் திறக்கவில்லை. பட்டம் வாங்கி ஓராண்டு ஆனதும், திருப்பிச் செலுத்தச் சொல்லிக் கடிதம் வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. மாதம் 190 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 12 ஆண்டுகள். அப்பாவின் பணம் அப்பாவின் கணக்குக்குத்தான் திரும்பிப் போனது, அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் 55 வயதை அவர் எட்டியபோது அந்தக் கணக்கில் இருந்திருக்க வேண்டிய பணத்தில் பெரும்பகுதி இல்லை. எங்கள் வருமானத்துக்குக் கல்வி உதவிநிதி கேட்டிருக்கலாம். ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் அந்த பிஸ்கட் டின்னைப் பிறர் முன்னால் திறக்க வேண்டியிருக்கும். அப்பாவுக்கு அது மானப் பிரச்சினை.

25 ஆண்டுகள் கழித்து அண்ணனும் அங்கேயே வந்து நிற்கிறார். நம் குடும்பங்கள் பலவற்றில் இதுதான் நடக்கிறது என்பதால் எழுதுகிறேன். இலவசமாகக் கிடைக்கும் பணத்தைக் கடைசியில் வைத்துவிட்டு, ஓய்வுக்காலத்துக்கென்று சேர்த்த பணத்தில் முதலில் கை வைக்கிறோம். வருமானத்தை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வெட்கப்படுகிறவர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களின் பிள்ளைகள் பெரும்பாலான பாடங்களுக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளியும் அதற்குச் சற்று மேலும் கட்டுகிறார்கள். அது முழுக் கட்டணமன்று. அதற்கு முன்பே கல்வி அமைச்சின் கட்டண மானியம் பெரும்பகுதியைக் கழித்துவிடுகிறது. புக்கிட் தீமாவில் பங்களா வைத்திருக்கும் குடிமகனின் பிள்ளைக்கும் அதே மானியம் போகிறது. அந்த வீட்டில் யாராவது கூசுகிறார்களா? வருமானத்தைக் கேட்காமலேயே அது கிடைத்துவிடுகிறது, அதனால் எவரும் அதை உதவியாகவே நினைப்பதில்லை. சம்பளச் சீட்டு இணைத்த படிவத்தின் வழியாக வந்தால் மட்டும் அது தர்மம் ஆகிவிடுமா? இந்த வேறுபாட்டை என்னால் ஒருநாளும் ஏற்க முடியவில்லை.

அண்ணன் பஸ் ஓட்டுநர், மாதம் 3,400 வெள்ளி. அண்ணி பாலர் பள்ளியில் உதவியாளர், 2,100. ஒவ்வொரு மாதமும் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) நிதிக்கு அண்ணன் சம்பளத்திலிருந்து 7 வெள்ளியும் அண்ணி சம்பளத்திலிருந்து 5 வெள்ளியும் போகின்றன. சிண்டா 1991இல் தொடங்கியதே நம் சமூகப் பிள்ளைகளின் படிப்புக்காகத்தான். அதன் உதவிநிதி இப்படிச் சேர்ந்த பணத்தையும் கொண்டு நடப்பது. இதைச் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்குப் போகட்டும்" என்றார். நல்ல மனம்தான். ஆனால் யாருக்கு எவ்வளவு என்று தரம் பிரிப்பதற்குத்தானே வருமானத்தைக் கேட்கிறார்கள்? அந்த வேலையை நாமே முன்கூட்டிச் செய்து நம் பிள்ளையின் பெயரை அடிக்க வேண்டியதில்லை.

இனி கணக்கு. கல்வி அமைச்சின் உதவிநிதிக்குக் குடும்பத்தின் மொத்த மாத வருமானத்தை வீட்டிலுள்ளவர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பார்க்கிறார்கள். அண்ணன் ஏற்கெனவே ஒரு தாளில் வகுத்து வைத்திருந்தார்: 5,500ஐ நான்கால் வகுத்தால் 1,375. "இது அதிகம், கிடைக்காது" என்று அவரே தீர்ப்பும் எழுதிவிட்டார். அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அம்மாவைக் காட்டி, "இவர் எங்கே?" என்று கேட்டேன். ஒரே வீட்டில் வசிக்கும் தாத்தா பாட்டியும் அந்த எண்ணிக்கையில் சேர்வார்கள். அம்மா சுருக்குப்பையிலிருந்து இளஞ்சிவப்பு அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்தார். பின்பக்கம் திருப்பினேன். முகவரி மாறியபோது ஒட்டிய சீட்டு ஓரத்தில் நைந்திருந்தாலும் அண்ணன் வீட்டு புளோக் எண் தெளிவாக இருந்தது. ஐந்தால் வகுத்தால் 1,100. ஆளுக்கு 275 வெள்ளி குறைகிறது. உதவிநிதியில் இது ஒரு படியையே மாற்றிவிடக்கூடிய வித்தியாசம். வருமானம் மிகக் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணம் முழுவதையும் ஈடுசெய்யும் உதவியைத் தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு. உங்கள் பிள்ளை சேரும் இடத்தின் நிதியுதவி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

உதவிநிதி போக மீதியுள்ள தொகைக்கு முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் சொந்தக் கணக்கு. உயர்நிலைப் பள்ளிக்குப் பிந்திய கல்விக் கணக்கு என்ற ஒன்று இருப்பதே பல பெற்றோருக்கு நினைவில்லை. பள்ளிக் காலத்தில் அரசாங்கம் போட்ட எடுசேவ் பணத்தின் மிச்சமும், சிறுவயதில் குழந்தை மேம்பாட்டுக் கணக்கில் செலவாகாமல் நின்ற பணமும் அதில்தான் வந்து சேர்கின்றன. அண்ணன் மகள் அன்றுதான் அந்தக் கணக்கைத் திறந்து பார்த்தாள். தொகையை எழுத மாட்டேன். ஒரு பருவக் கட்டணத்தில் பாதிக்கு மேல் தேறியது.

அதன் பிறகுதான் கடன். கல்வி அமைச்சின் கட்டணக் கடனில், மானியம் கழித்த கட்டணத்தில் 90 விழுக்காடு வரை வாங்கலாம். படித்து முடிக்கும்வரை வட்டி இல்லை. பிணையாக ஒருவர் கையொப்பமிட வேண்டும். மசேநிக் கல்விக் கடனில் பணம் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்குகிறது, ஆண்டுக்கு 2.5 விழுக்காடு. ஆண்டுத் தொடக்கத்தில் 8,000 வெள்ளி வீதம் நான்கு ஆண்டுகள் எடுத்தால், பட்டம் வாங்கும்போது 32,000 வெள்ளிக் கடன் ஏறத்தாழ 34,000 ஆகியிருக்கும். கட்டணக் கடனுக்குப் படிப்பு முடிந்தபின் வரும் வட்டி மசேநி வட்டியைவிட அதிகமாகவே இருந்துவந்திருக்கிறது, உண்மை. அதனால்தான் படிக்கும் காலத்தில் சேர்த்த பணத்தை வைத்து, வட்டி தொடங்குவதற்கு முன்பே அடைக்க முடிந்ததை அடைத்துவிட வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. அண்ணனின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தவணையும் மசேநியின் அதே சாதாரணக் கணக்கிலிருந்துதான் போகிறது. அவருக்கு வயது 51, இன்னும் ஆறு ஆண்டுத் தவணை பாக்கி. அந்தக் கணக்கு காலியானால் வீட்டுக்கு ரொக்கம் கட்ட வேண்டும். எங்கிருந்து?

இதையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டிருக்கும்போது மருமகள், அதாவது அண்ணன் மகள், கேட்டாள்: "அத்தை, அப்பா மசேநியிலிருந்து எடுத்தால் நான் அப்பாவுக்குக் கடன்பட்டவளா?" ஆமாம் என்றேன். அண்ணன் முகம் மாறிவிட்டது. அதை அவளிடம் சொல்லக் கூடாது என்றே நினைத்திருக்கிறார். எனக்கு அவர்மீது கோபம் வந்தது, மறைக்கவில்லை. 19 வயதுப் பெண்ணின் பெயரில் கடன் எழுதப்படும்போது, முதலில் அவளுக்குத்தான் அது தெரிய வேண்டும்.

உபகாரச் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிடைத்தால் பெருமைதான். ஆனால் பொதுச் சேவை ஆணையத்தின் உபகாரச் சம்பளத்தில் உள்ளூரில் படித்தால் நான்கு ஆண்டு, ஆங்கிலம் பேசும் நாட்டில் படித்தால் ஆறு ஆண்டு பாண்டு, அதாவது படித்தபின் அரசாங்க வேலையில் இருந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தம், உண்டு. பிள்ளைக்கு அந்த வேலையில் மனம் இருக்கிறதா என்று கேட்காமல், உறவினர் மத்தியில் சொல்லிக்கொள்வதற்காக ஒருபோதும் தள்ளிவிடாதீர்கள். வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவிநிதியில் இப்படிப்பட்ட கட்டு கிடையாது.

மாதச் செலவை மருமகளே எழுதினாள். வீட்டிலிருந்து போய்வருவாள், விடுதி வேண்டாம். மதியம் உணவகத்தில் 5 வெள்ளி, போக்குவரத்துக்கு மாணவர் சலுகை அட்டை, மடிக்கணினி அண்ணியின் போனஸில். சனி, ஞாயிறு இரண்டு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறாள். அந்தப் பணத்தில் பாதியைத் தனிக் கணக்கில் போட்டுக் கடனை அடைக்க வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் சொல்லித் தந்ததில்லை, அவளாகவே சொன்னது.

நேற்றிரவு அண்ணன் அழைத்தார். படிவம் அனுப்பியாகிவிட்டதாம். மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் அவரே தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறார். இந்த ஆண்டு பிள்ளைக்கு இடம் கிடைத்து, படிவத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்கள் எனக்கு உட்பெட்டியில் எழுதுங்கள். சனிக்கிழமை மாலைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன். சம்பளச் சீட்டோடு பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.