‘விய்’ மௌனப் படம் இல்லை

சனிக்கிழமை லண்டன் அரங்கு ஒன்றில் ‘விய்’ படத்தின் ஒலியை அணைத்துவிட்டு மேலே வேறு இசை வாசித்ததைக் குறைசொல்லி அன்று இரவு நான் நாலு வரி போட்டிருந்தேன், மௌனப் படத்துக்கு வாசிப்பது வழக்கம்தானே என்று வந்த பதில்களை எல்லாம் படித்துவிட்டேன். அதனால் இன்னொரு முறை சொல்கிறேன். ‘விய்’ மௌனப் படம் இல்லை. 1967-ல் சோவியத் ஸ்டூடியோ மோஸ்ஃபிலிம் எடுத்த பேசும் பேய்ப்படம். அதில் வசனம் இருக்கிறது, பின்னணி இசை இருக்கிறது, அந்த இசையை அமைத்தவர் கரேன் கச்சதூரியன். அந்த அரங்கில் அது அத்தனையையும் அணைத்துவிட்டு, கீழே சப்டைட்டில் ஓடவிட்டு, ஒன்றேகால் மணி நேரமும் நான்கு பேர் நிறுத்தாமல் தங்கள் இசையை வாசித்தார்கள். போஸ்டரில் அவர்கள் பெயர் பெரிதாக இருந்தது, கச்சதூரியன் பெயர் எங்குமே இல்லை. 2011-ல் இறந்துபோனவர், வந்து கேட்க முடியாது. அதனால்தான் நான் கேட்கிறேன்.

“ரஷ்ய மொழி தெரியும் என்கிற திமிர் அண்ணா உங்களுக்கு” என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அது கொஞ்சம் வலித்தது. தம்பி, இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு ரஷ்ய மொழியில் பத்து வார்த்தை தெரியாது. மருத்துவம் படிக்கப் போன முதல் குளிர்காலம், ஹாஸ்டலில் ஒரு சின்ன டிவி, பக்கத்துக் கட்டில் பையன் கதை சொல்லிக்கொண்டே வந்தான். செத்துப்போன பெண்ணுக்காக மூன்று இரவு தேவாலயத்தில் தனியாக ஜெபம் படிக்க வேண்டிய மாணவன் கோமா, தன்னைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்கிறான். அவள் சவப்பெட்டியிலிருந்து எழுந்து, அவனைப் பார்க்க முடியாமல், அந்த வட்டத்தின் விளிம்பைக் காற்றில் தடவிக்கொண்டே வருகிறாள். அவன் படிக்கப் படிக்கக் குரல் நடுங்கும். அப்புறம் சேவல் கூவும். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, அன்று தூங்கவும் இல்லை. சனிக்கிழமை அந்தக் குரலும் இல்லை, சேவலும் இல்லை, டிரம்ஸ் சத்தத்தில் எப்போது விடிந்தது என்றே தெரியவில்லை.

மௌனப் படங்களுக்கு வாசிக்கிறார்களே என்கிறீர்கள். வாசிக்கத்தான் வேண்டும். ‘போதம்கின்’ என்கிற சோவியத் மௌனப் படம் 1926-ல் பெர்லினில் ஓடியபோது எட்மண்ட் மைசல் தனியாக இசை எழுதினார், அரங்கில் வாசிக்க ஆள் இருப்பார் என்று நம்பி எடுத்த படங்கள் அவை. இது அப்படி எடுத்த படமா? அரங்கு நிறைந்ததாம். நிறையட்டும், படத்தை அப்படியே போட்டிருந்தால் வந்திருக்க மாட்டார்களா? வாசித்தவர்கள் திறமைசாலிகள், ஒத்துக்கொள்கிறேன், தனிக் கச்சேரி வைத்தால் முதல் டிக்கெட் நான் வாங்குகிறேன். ஆனால் இன்னொருவர் எழுதிய இசையை வாயடைத்துவிட்டு அவருடைய படத்தின்மேல் ஏறி நின்று வாசிப்பதை என்னால் மரியாதை என்று சொல்ல முடியவில்லை.

மூன்றாம் இரவு விய் என்கிற பூதம் வரும். “என் இமைகளைத் தூக்குங்கள், எனக்குக் கண் தெரியவில்லை” என்று கனத்த குரலில் சொல்லும். அந்தப் பக்கத்துக் கட்டில் நண்பனும் நானும் பரீட்சை நாட்களில் ஒருவரை ஒருவர் எழுப்பியதே இந்த வரியைச் சொல்லித்தான், ஆறு வருடமும். சனிக்கிழமை அந்த இடம் வந்தபோது வரி கீழே வெள்ளை எழுத்தில் மட்டும் வந்து போனது. என்னையறியாமல் அதை ரஷ்ய மொழியில் மெதுவாகச் சொல்லிவிட்டேன். முன் வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, வாயில் விரல் வைத்துக் காட்டினார்.