மொத்தம் 11 வார்த்தை

(சேலம் அம்மாபேட்டை. பள்ளிக்கூடம் ஒன்றின் பக்கத்துத் தெருமுனை, சாயங்காலம் ஏழு மணி. தட்டுவடை செட் தள்ளுவண்டியில் ராஜாமணி அக்கா பீட்ரூட் துருவிக்கொண்டிருக்கிறார். ஏற்காடு ரூட் கண்டக்டர் செல்வம் தோல்பையோடு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.)

செல்வம்: ஒரு செட்டு போடுங்கக்கா. காரம் தூக்கலா.

ராஜாமணி: வாங்க தம்பி. என்ன மூஞ்சி இப்படி இருக்கு? 20 கொண்டை ஊசி வளைவையும் நடந்தே எறங்கி வந்தீங்களா?

செல்வம்: (சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து) நேத்து எனக்கு வீக்லி ஆஃப்புங்க. முழு நாளும் வீட்லதான். எம்பையன் எங்கிட்ட பேசுனது மொத்தம் 11 வார்த்தை.

ராஜாமணி: எண்ணுனீங்களா?

செல்வம்: ஆளு எண்ணியே பொழைக்கிறவனுங்கக்கா நானு. கேளுங்க. காலைல "பேஸ்ட் தீந்துருச்சு". ரெண்டு. "லேட்டாச்சு", மூணு. "காசு", நாலு. சாயங்காலம் "பசிக்குது", "தெரியல", மறுபடியும் "தெரியல", "ஒண்ணுமில்ல". எட்டாச்சா? ராத்திரி "சரி". அப்பறம் "கதவ சாத்து".

ராஜாமணி: "ம்" சொல்லலியா?

செல்வம்: அது 14 தடவ. கணக்குல சேக்கல. டிக்கெட் எடுக்காத பாசஞ்சர் அது.

ராஜாமணி: அஞ்சு வயசு வரைக்கும் கொழந்தைக்கு டிக்கெட் இல்ல. அதுக்காக வண்டில ஆளே இல்லம்பீங்களா? "ம்"மையும் சேருங்க.

செல்வம்: மாட்டேங்க. வார்த்தைன்னா வாயத் தெறக்கணும். (பெருமூச்சு) மூணாவது படிக்கறப்ப இவன் என் பைய மாட்டிக்கிட்டு வீடு பூரா "ரைட், ரைட்"னு விசில் அடிப்பான். இப்ப ஒம்பதாவது. நான் உள்ள போனா ஹெட்போன எடுத்து மாட்டறான். எந்த ஸ்டாப்புல எறங்குனான்னே தெரியலக்கா. நாந்தான் எங்கியோ கோட்ட விட்டுட்டேன்.

ராஜாமணி: வெசனத்த அப்பறம் படலாம். நேத்து ஸ்கூல் விட்டு வந்ததும் என்ன கேட்டீங்க? அப்படியே சொல்லுங்க.

செல்வம்: நல்ல விதமாத்தாங்க கேட்டேன். "ஸ்கூல் எப்படி இருந்துச்சு? டெஸ்ட் பேப்பர் குடுத்தாங்களா? எவ்ளோ? ஏன் டல்லா இருக்க? பக்கத்து பெஞ்சுப் பையன் எவ்ளோ?"

ராஜாமணி: செருப்பக் கழட்டறதுக்குள்ள?

செல்வம்: ஒரு செருப்பு கழட்டிருந்தான்.

ராஜாமணி: டிக்கெட் செக்கர் ஏறுன மாதிரில்ல இருக்கு! தம்பி, இந்த முனைல 30 வருஷமா வண்டி போடறேன். நாலேகால் மணிக்கு வர்ற பசங்ககிட்ட எதுவுமே கேக்கக்கூடாது. காலைல ஏழரைக்கு சாப்ட்டது, மத்தியானம் டப்பால பாதி மிச்சம். முன்னாடி வயித்துக்குள்ள ஒரு நொறுக்கல் எறங்கணும். பாதி தட்டு காலியானதும் அதுங்களே ஆரம்பிச்சிரும். எவன் எவளப் பாத்தான், எந்த மிஸ்ஸு அழுதாங்க, எல்லாம் எங்கிட்ட வந்துரும். எனக்கு வேண்டாத சேதியே பாதி.

செல்வம்: உங்ககிட்ட சொல்றானுங்களே, அது எப்படிங்க?

ராஜாமணி: நான் அவன் மூஞ்சியப் பாக்கறதில்லயே. பீட்ரூட்டத்தான பாக்கறேன். நேருக்கு நேரா உக்கார வெச்சு "சொல்றா"ன்னா, அது போலீஸ் ஸ்டேஷன். வண்டில பின்னாடி உக்காத்தி வெச்சுக்கிட்டுப் போறப்ப, வெங்காயம் உரிக்கறப்ப, துணி மடிக்கறப்ப, அப்பத்தான் வாய் தெறக்கும். கேக்கறதும் ஒண்ணே ஒண்ணு. அதுவும் "எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "ம்"தான் வரும். "இன்னைக்கி பி.டி. பீரியடு விட்டாங்களா, கணக்கு மிஸ் புடுங்கிக்கிட்டாங்களா?" இப்படிக் கேளுங்க. கேட்டுட்டு வாய மூடணும். மனசுக்குள்ள பத்து எண்ணணும்.

செல்வம்: பத்து ரொம்ப நேரமுங்கக்கா.

ராஜாமணி: அதான் தெரியுதே. மூணுலயே அடுத்த கேள்விய எடுத்து வெச்சிருப்பீங்க.

(தட்டில் தட்டுவடைகளைப் பரப்புகிறார். ஒவ்வொன்றின் மேலும் சிவப்புச் சட்னி ஒரு இழுப்பு, பச்சைச் சட்னி ஒரு இழுப்பு. அதன்மேல் துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும். மேலே இன்னொரு தட்டுவடையை வைத்துக் கட்டை விரலால் ஒரு அழுத்து.)

செல்வம்: சரி, வாய மூடறேன். தூக்கத்துக்கு என்ன பண்றது? ராத்திரி பன்னண்டே முக்கால் மணி வரைக்கும் போனு. காலைல ஆறரைக்கு எழுப்புனா பொணம் மாதிரி கெடக்கறான். சோம்பேறி!

ராஜாமணி: பன்னண்டே முக்காலுக்குப் படுத்து ஆறரைக்கு எந்திரிச்சா அஞ்சே முக்கா மணி நேரம். அந்த வயசுக்கு எட்டுலருந்து பத்து மணி நேரம் வேணும். இதுல சோம்பேறித்தனம் எங்க வந்துச்சு? இங்க வர்ற கொழந்தைங்க டாக்டரம்மா நின்னு நின்னு சொல்லுவாங்க. பருவம் வந்ததும் ஒடம்புக்குள்ள இருக்கற கடியாரமே ஒரு மணி, ரெண்டு மணி நேரம் தள்ளிப் போயிருமாம். சின்னதுல ஒம்பதுக்கு கண்ணு சொக்குன புள்ளைக்கு இப்ப பதினொண்ணு ஆவுமாம். மிச்சத்துக்குத்தான் போனு.

செல்வம்: அதுக்குத்தான் போன திங்கக்கெழம ரூல் போட்டேன். ஒம்பது மணிக்கு லைட் ஆஃப், போன் ஆஃப்.

ராஜாமணி: என்னாச்சு?

செல்வம்: ஒம்பதுலருந்து பதினொண்ணு வரைக்கும் நாலு தடவ பாத்ரூம் போனான். நாலாவது தடவதான் பாத்தேன், பழைய போனு கெய்சர் மேல இருக்கு.

ராஜாமணி: (சிரித்து) பன்னண்டே முக்கால ஒரே நாள்ல ஒம்பதுக்கு இழுத்தா? மேல ஏறுற பஸ்ஸ முதல் கியர்லருந்து நேரா அஞ்சுக்குப் போட்டா உங்க டிரைவர் என்ன சொல்லுவாரு?

செல்வம்: என்னைய எறக்கி விட்டுருவாரு.

ராஜாமணி: எழுதிக்கோங்க. ராத்திரிய வுடுங்க, காலைலருந்து ஆரம்பிங்க. ஞாயித்துக்கெழமயும் சேத்து ஆறரைக்கே எந்திரிக்கணும். ரொம்ப அசதின்னா ஒரு மணி நேரம் கூட, அதுக்கு மேல இல்ல. எந்திரிச்சதும் பதினஞ்சு நிமிஷம் மாடில வெயில்ல நிக்கட்டும், செடிக்குத் தண்ணி ஊத்தட்டும். படுக்கற நேரத்த மூணு நாளைக்கு ஒருதடவ பதினஞ்சு பதினஞ்சு நிமிஷமா முன்னாடி கொண்டு வாங்க. பத்தே காலுக்கு வரணும்னா எத்தன நாளு?

செல்வம்: (விரல் மடக்கி) ரெண்டரை மணி நேரம்னா 150 நிமிஷம். பத்து ஸ்டேஜு. முப்பது நாள்.

ராஜாமணி: ஒரு மாசம். நாலு மணிக்கு மேல காப்பி, டீ, கோலா எதுவும் கூடாது. அப்பறம் போனு. படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி வீட்ல இருக்கற எல்லா போனும் ஹால்ல ஒரே எடத்துல சார்ஜுக்குப் போவணும். பழசும்தான்.

செல்வம்: "அலாரம் போன்லதான இருக்கு"ம்பான்.

ராஜாமணி: ஒரு மேஜ கடியாரம் வாங்கி வெச்சிருங்க. அந்த சாக்கு அதோட முடிஞ்சுது. "எல்லா போனும்"னேன், காதுல விழுந்துச்சா?

செல்வம்: விழுந்துச்சுங்க.

ராஜாமணி: உங்க போனு?

செல்வம்: நான் டூட்டி முடிச்சு வந்து, ஒரு பத்து நிமிஷம் ஷார்ட்ஸ்...

ராஜாமணி: எத்தன மணி வரைக்கும்?

செல்வம்: (தட்டைப் பார்த்தபடி) சட்னி இன்னைக்கி நல்லாருக்குக்கா.

ராஜாமணி: பேச்ச மாத்தாதீங்க. அப்பன் போனும் அங்க கெடந்தாத்தான் நாலாவது நாளும் ரூல் நிக்கும். இல்லன்னா கெய்சர் மேல இருந்தது அரிசி டப்பாக்குள்ள போவும், அவ்ளோதான். சரி, வேறென்ன கேக்கறான் அவன்?

செல்வம்: ஸ்கூட்டி. டியூஷனுக்குப் போறதுக்கு. மச்சான் வேற "குடுங்க மாமா, எல்லாப் பசங்களும்தான ஓட்டுது"ங்கறான். குடுக்கவே மாட்டேன்னுட்டேன். கியர் இல்லாத வண்டின்னாலும் 50 சி.சி.க்குள்ள இருந்தாத்தான் 16 வயசுல லைசென்ஸ். நம்மளுது 110, அதுக்கு 18 ஆவணும். இவனுக்கு 14. மாட்டுனா வண்டி ஓனருக்கு 25,000 அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலு. ஆர்.சி. ஒரு வருஷத்துக்கு கேன்சல். இவனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸே கெடையாது. 2019லயே சட்டத்துல சேத்துட்டாங்க. சைக்கிள்ல போடான்னேன், முடிஞ்சுது.

ராஜாமணி: அழுதானா?

செல்வம்: மொறச்சான். ரெண்டு நாள். அப்பறம் சைக்கிளுக்குக் காத்தடிச்சான்.

ராஜாமணி: பாத்தீங்களா? இதுல மட்டும் எப்படிங்க சந்தேகமே இல்லாம பேசறீங்க? ஒரே தடவ சொன்னீங்க. கத்தல, கெஞ்சல, "எங்க காலத்துல"ன்னு இழுக்கல.

செல்வம்: அது ரூலுங்கக்கா. பேசறதுக்கு என்ன இருக்கு?

ராஜாமணி: அதே கொரல்ல போனையும் சொல்லுங்க. இந்த மாதிரி மூணு நாலு ரூல் போதும். முடி வெட்டறது, கிழிஞ்ச பேண்ட்டு, ரூம் குப்ப, இதெல்லாம் வுட்டுத் தள்ளுங்க. எல்லா ஸ்டாப்புலயும் விசில் ஊதுனா டிரைவர் எதுக்குன்னு நிறுத்துவாரு?

செல்வம்: மார்க்கு?

ராஜாமணி: புஸ்தகத்த மூடி வெச்சுட்டு, படிச்சத ஒரு தாள்ல எழுதச் சொல்லுங்க. திருப்பித் திருப்பி வாசிக்கறதுல அவ்ளோவா ஏறாது. மார்க்குக்கு இவ்ளோதான் என்னால முடியும். நான் எட்டாவது.

செல்வம்: கோவம் வந்தா கதவ அடிச்சு சாத்தறானே, அதுக்கு? நானும் உள்ள போயி கத்திருவேன். அப்பறம் ராத்திரியெல்லாம் விட்டத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருப்பேன்.

ராஜாமணி: ஒண்ணு கேக்கறேன். ஏழாவது வளைவுல ஒரு பையன் வாந்தி எடுக்கறான். "ஏண்டா பரோட்டா தின்னே"ன்னா கேப்பீங்க?

செல்வம்: கவர் குடுப்பேன். ஜன்னலோரமா மாத்தி உக்கார வெப்பேன். ரோட்ட மட்டும் பாருப்பான்னு சொல்லுவேன்.

ராஜாமணி: அப்பறம்?

செல்வம்: எடத்துல போயி நின்னுக்குவேன். கூட்டமா நின்னு பாத்தா இன்னும் எடுப்பான். மேல போனதும் தண்ணி குடுத்துக் கேப்பேன்.

ராஜாமணி: கதவு சாத்தறதும் அதேதான். இருபது நிமிஷம் கழிச்சு தட்டிட்டு உள்ள போங்க. நீங்க கத்திருந்தீங்கன்னா, "கத்துனது தப்புதாண்டா கண்ணு"ன்னு சொல்லிருங்க. அதோட நிறுத்தணும். "ஆனா நீயும்"னு ஆரம்பிச்சா சொன்னதே வீண்.

செல்வம்: இது எல்லாப் பசங்களுக்கும் வர்றதுதானா? இல்ல, இவனுக்கு மட்டும் ஏதாச்சும்...

ராஜாமணி: (துருவுவதை நிறுத்தி) சாப்புடறானா? கூட்டாளிங்களோட வெளாடறானா?

செல்வம்: மூணு தட்டு சோறு. சாயங்காலம் ஆனா கிரிக்கெட்டு.

ராஜாமணி: அப்ப பயப்படாதீங்க. அதெல்லாம் ரெண்டு வாரமா நின்னு போச்சு, தூங்கல, இல்லன்னா "நான் இருந்து என்ன பண்ண"ன்னு பேச்சு வருதுன்னா, அன்னைக்கே டாக்டர். "சாவணும்னு தோணுதா"ன்னு நேராவே கேக்கலாம். கேட்டதனால புதுசா அந்த நெனப்பு வந்துறாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ராத்திரின்னா 14416க்குப் போன் போடுங்க, மனசு சரியில்லாதவங்களுக்கு அரசாங்கம் வெச்சிருக்கற நம்பரு. காசு கெடையாது, தமிழ்லயே பேசுவாங்க. வண்டில ஒட்டிருக்கேன் பாருங்க, கல்லாப் பொட்டிக்கு மேல.

(செல்வம் எண்ணைக் குறித்துக்கொள்கிறார்.)

செல்வம்: நீங்க மூணு புள்ளைய வளத்தவங்க. உங்களுக்கு இந்த மாதிரி சந்தேகமெல்லாம் வந்திருக்காதுங்க.

ராஜாமணி: யாரு சொன்னா? பெரியவன் பத்தாவதுல டி.வி. பாக்கறான்னு ரிமோட்ட பீட்ரூட் மூட்டைல ஒளிச்சு வெச்சேன். மறந்து துருவப் போயி கைய வெட்டிக்கிட்டேன். இப்ப ஓசூர்ல வேல. ஞாயித்துக்கெழம போன் பண்ணுவான்.

செல்வம்: நல்லா பேசுவாரா?

ராஜாமணி: நாலு நிமிஷம் பன்னண்டு செகண்டு.

செல்வம்: ...நீங்களும் எண்றீங்களா?

ராஜாமணி: போன்லயே காட்டுதே. (சட்டென்று) சட்னி போடட்டுமா?

(செல்வத்தின் போன் ஒலிக்கிறது. எட்டிப் பார்க்கிறார்.)

செல்வம்: அக்கா! அவந்தான்! "வரும்போது செட் வாங்கிட்டு வா. பூண்டு கம்மி." ஆறு வார்த்த!

ராஜாமணி: பார்சல்னா சட்னி தனி, துருவுனது தனி. ஒண்ணாப் போட்டா வீடு போறதுக்குள்ள நமத்துரும். அங்க என்ன பண்றீங்க?

செல்வம்: பதில் போடறேன். "சரி கண்ணு. ஹோம்வொர்க் முடிச்சியா? போன் யாருது? அம்மாளுதா? எத்தன மணியிலருந்து..."

ராஜாமணி: அழிங்க.

செல்வம்: "ஹோம்வொர்க்" மட்டுமாச்சும்...

ராஜாமணி: அழிங்கன்னேன்!

(செல்வம் ஒவ்வொரு எழுத்தாக அழிக்கிறார். கடைசியில் ஒரே ஒரு எழுத்தைப் போட்டு அனுப்புகிறார்.)

ராஜாமணி: என்ன போட்டீங்க?

செல்வம்: "ம்".

(பார்சலில் ரப்பர் பேண்ட் மாட்டும் நேரம். மறுபடி ஒலி.)

செல்வம்: "என்னப்பா வெறும் ம்? கோவமா?" அக்கா, கேள்வி கேக்கறான்! அவன் எங்கிட்ட கேள்வி கேக்கறான்!

ராஜாமணி: எத்தன வார்த்த?

செல்வம்: (நோட்டைப் பிரித்துப் பேனாவைத் திறந்து) என்னப்பா, வெறும், ம்...

ராஜாமணி: "ம்" கணக்குல வராதே?

செல்வம்: சேத்துக்கலாங்கக்கா.