ஸ்காட் குடும்பத்தின் தொழிலைக் கைமாற்றியவர்கள் யார்?

குடும்பத் தொழிலாக நடந்த கட்டடக்கலை அலுவலகங்களின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். தாத்தா தொடங்கினார், மகன் தொடர்ந்தார், பேரன் புகழின் உச்சிக்குப் போனார், எல்லாம் இரத்தத்தில் ஊறிய கலை என்று முடித்துவிடுவார்கள். நான்கு தலைமுறை கட்டடக்கலைஞர்களைத் தந்த இங்கிலாந்தின் ஸ்காட் குடும்பத்தைப் பற்றியும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. ஆனால் அக்குடும்பத்தின் வரலாற்றை ஆண்டு வாரியாகப் பார்த்தால், தொழில் தந்தையின் கையிலிருந்து மகனின் கைக்கு நேராகப் போன இடங்கள் சிலவே என்பதும், அறுந்து போகவிருந்த இடங்களில் அதைப் பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் அந்த அலுவலகங்களில் வேலை கற்ற மாணவர்களே என்பதும் தெரியும். குடும்பப் பெயரின் பிரகாசத்தில் அவர்களை மறந்துவிடுகிறோம் என்பதே என் குறை.

தொடங்கியவர் சர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். 1811இல் பக்கிங்ஹாம்ஷையரில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். அவருடைய தொழில் பேராலயங்களில் தொடங்கவில்லை. ஏழைகளை அடைத்து வேலை வாங்கிய விடுதிகளில் தொடங்கியது. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தம் இங்கிலாந்து முழுவதும் இத்தகைய விடுதிகளைக் கட்டவைத்தபோது, ஸ்காட்டும் அவருடைய பங்குதாரர் வில்லியம் மொஃபட்டும் ஊர் ஊராக அலைந்து, நாற்பதுக்கும் மேற்பட்ட விடுதிகளுக்கான வேலையைப் பிடித்தார்கள். ரெடிங் நகரச் சிறையும் அவர்கள் கட்டியதுதான். ஸ்காட்டுக்குத் தேவாலயங்களின் மீது நாட்டம் பெருகியபோது இந்தக் கூட்டு சுமையாயிற்று. ஆனால் அதை முறித்துக்கொள்ளும் துணிவு அவருக்கு வரவில்லை. 1840களின் நடுவில் மொஃபட்டிடம் நேரில் போய் விஷயத்தைச் சொல்லி முடித்துவைத்தவர் ஸ்காட்டின் மனைவி கரோலின். குடும்ப அலுவலகங்களின் வரலாற்றில் வீட்டுப் பெண்கள் எடுத்த முடிவுகள் எத்தனை எழுதப்படாமல் போயிருக்குமோ, தெரியாது. இது எப்படியோ பதிவாகிவிட்டது.

அதன்பின் ஸ்காட்டின் லண்டன் அலுவலகம் அக்காலத்து பிரிட்டனின் மிகப் பெரிய கட்டடக்கலை அலுவலகங்களில் ஒன்றாக வளர்ந்தது. புதிதாகக் கட்டியவையும் பழுதுபார்த்தவையும் சேர்த்து எண்ணூறுக்கு மேற்பட்ட பணிகள் அவர் பெயரில் உள்ளன. செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் முன்னால் நிற்கும் மிட்லண்ட் கிராண்ட் ஓட்டல், ஆல்பர்ட் நினைவுச்சின்னம், ஹாம்பர்க் நகரில் 1874இல் உலகிலேயே உயரமான கட்டடமாக நின்ற புனித நிக்கலஸ் தேவாலயக் கோபுரம் ஆகிய மூன்றையும் சொன்னாலே போதும். நமக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டுமென்றால், மும்பைப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு மண்டபமும் நூலகமும் ராஜாபாய் கோபுரமும் இருக்கின்றன. பிரேம்சந்த் ராய்சந்த் என்ற வணிகர் நன்கொடை தந்து, தம் தாயின் பெயரை இடச்செய்த அந்தக் கோபுரம் 1878இல் முடிந்தது. ஸ்காட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. வரைபடங்கள்தாம் லண்டனிலிருந்து கப்பலேறி வந்தன. மும்பை வெயிலில் அந்தக் கல்லைச் செதுக்கி நிறுத்திய கைகளுக்கு ஸ்காட்டின் முகம்கூடத் தெரிந்திருக்காது.

இத்தனை வேலையை ஒரு மனிதர் செய்ய முடியாது என்பது வெளிப்படை. ஸ்காட் அதிகாலை ரயிலில் வெளியூர் போய் இறங்கிவிட்டு, தாம் எதற்காக அங்கு வந்திருக்கிறோம் என்று அலுவலகத்துக்குத் தந்தி அடித்துக் கேட்டதாக ஒரு கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, அந்த அலுவலகத்தின் இயல்பை அது சரியாகச் சொல்கிறது. தலைவருக்கு நினைவில்லாததை அறிந்திருந்த உதவியாளர்கள் அங்கே இருந்தார்கள். ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட், ஜி. எஃப். போட்லி, தாமஸ் கிரகாம் ஜாக்சன் போன்ற பின்னாளைய பெரும் பெயர்கள் அங்கே வேலை கற்றவை. லண்டன் நீதிமன்றக் கட்டடத்துக்கான போட்டியில் ஸ்காட்டும் கலந்துகொண்டார். அந்த வேலை கடைசியில் ஸ்ட்ரீட்டுக்குப் போனது. ஸ்காட் அலுவலகத்தின் மிகச் சிறந்த விளைச்சல் அந்த மாணவர்கள்தாம் என்று நான் நினைக்கிறேன். அவருடைய பல தேவாலயத் திருப்பணிகளை விட அது நிச்சயம் மேல். பழைய தேவாலயங்களைப் புதுப்பிக்கிறேன் என்று அவற்றின் வரலாற்றையே சுரண்டி எடுத்துவிடுகிறார் என்ற குற்றச்சாட்டு அவர் உயிரோடு இருந்தபோதே எழுந்தது. டியூக்ஸ்பரி மடாலயத் தேவாலயத்தில் அவர் கைவைக்கப்போகிறார் என்ற செய்திதான் 1877இல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸைப் பழங்காலக் கட்டடங்களின் பாதுகாப்புக்காக ஒரு சங்கம் தொடங்கவைத்தது. அதற்கு அடுத்த ஆண்டில் ஸ்காட் இறந்தார்.

மகன்களில் இருவர் தொழிலுக்கு வந்தார்கள். இளையவர் ஜான் ஓல்ட்ரிட் ஸ்காட் நாம் வழக்கமாகக் கற்பனை செய்யும் வாரிசு: தந்தை விட்டுப்போனவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடித்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகக் கோபுரத்தின் உச்சியில், ஊடே வானம் தெரியும்படி துளையிட்ட கல்லால் எழும் கூர்முனை அவர் வைத்தது. பொறுப்பான மனிதர். தந்தையின் அலுவலகம் சிதறாமல் இருந்ததற்கு அவரே காரணம். ஆனால் ஸ்காட் குடும்பத்தின் கலை அவர் வழியாகத் தொடரவில்லை.

அது மூத்தவர் வழியாகத்தான் தொடர்ந்தது, அதுவும் மிகக் கோணலான பாதையில். தந்தையின் பெயரையே முழுமையாகச் சுமந்த ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இளையவர் 1839இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து அங்கே ஒரு கல்லூரியின் ஆய்வாளராகவும் இருந்தவர். கூர்வளைவுகள் கொண்ட இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணியான கோத்திக்கில், தந்தை விரும்பிய பதின்மூன்றாம் நூற்றாண்டு வடிவத்தை விட்டுவிட்டு, அது தேய்ந்த காலத்தது என்று மற்றவர்கள் ஒதுக்கிய பிற்கால ஆங்கில கோத்திக்கை அவர் மீண்டும் எடுத்தார். லண்டன் கென்னிங்டனில் அவர் கட்டிய புனித ஆக்னஸ் தேவாலயம் அடுத்த தலைமுறைக் கட்டடக்கலைஞர்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. இரண்டாம் உலகப் போரில் சேதமடைந்த அதைப் பின்னர் இடித்துவிட்டார்கள். 1880இல் அவர் கத்தோலிக்கரானார். குடியும் மனநோயும் சேர்ந்துகொள்ள, 1884இல் சட்டப்படி அவர் சித்தம் கலங்கியவர் என்று அறிவிக்கப்பட்டார். 1897இல் அவர் உயிர் பிரிந்தது மிட்லண்ட் கிராண்ட் ஓட்டலின் ஓர் அறையில், அதாவது தம் தந்தை கட்டிய கட்டடத்துக்குள்.

தந்தையிடம் பாடம் கேட்கும் வாய்ப்பு இவருடைய மகனும் சர் ஜார்ஜின் பேரனுமான ஜைல்ஸுக்கு அநேகமாக இல்லை. தந்தை இறக்கும்போது அவருக்கு வயது 16. இங்கேதான் டெம்பிள் மூர் என்ற பெயரைச் சொல்ல வேண்டும். 1875இல் ஜார்ஜ் இளையவரிடம் பயிற்சி மாணவராகச் சேர்ந்த மூர், ஆசிரியர் நிலைகுலைந்த ஆண்டுகளில் அவருடைய பணிகள் கைவிடப்படாமல் பார்த்துக்கொண்டார். 1899இல் ஜைல்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்ததும் இதே மூரிடம்தான். தந்தையிடமிருந்து மகனுக்கு வரவேண்டியது மாணவரைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. புகழில் தாத்தாவுக்கு எட்டாத தூரத்தில் இருந்த தம் தந்தையே பெரிய கலைஞர் என்று ஜைல்ஸ் பிற்காலத்தில் உறுதியாகச் சொல்லி வந்தார். அப்படிச் சொல்லும் அளவுக்குத் தந்தையின் வேலையை அவருக்குப் புரியவைத்ததில் மூருக்குப் பெரும் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

1903இல், இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபைக்கு லிவர்பூலில் எழவிருந்த பேராலயத்துக்கான போட்டியில் ஜைல்ஸ் வென்றபோது அவருக்கு வயது 22. அதுவரை கட்டடம் என்று எதையும் கட்டியதில்லை. போதாததற்கு அவர் கத்தோலிக்கர். நடுவர்கள் இருவரில் ஒருவர் கட்டடக்கலைஞர் நார்மன் ஷா. மற்றவர், தாத்தாவின் அலுவலகத்தில் வேலை கற்று, திருமண உறவாலும் ஸ்காட் குடும்பத்தோடு இணைந்திருந்த அதே போட்லி. இதைப் படிக்கும் யாருக்கும் சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. ஆனால் பெயருக்காகக் கொடுத்திருந்தால் பேராலயக் குழு அத்தனை கலங்கியிருக்காது. இளைஞரின் வயதைக் கண்டு தயங்கிய அக்குழு, போட்லியையே இணைக் கட்டடக்கலைஞராக அமர்த்தியது. போட்லி அதே காலத்தில் வாஷிங்டன் பேராலயப் பணியையும் ஏற்றுக்கொண்டதால் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஜைல்ஸ் விலகிக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தபோது, 1907இல் போட்லி இறந்தார். தனிப்பொறுப்பு கைக்கு வந்ததும், கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1910இல் ஜைல்ஸ் வரைபடத்தைத் தலைகீழாக மாற்றினார்: திட்டமிட்டிருந்த இரட்டைக் கோபுரங்களை நீக்கிவிட்டு, நடுவில் ஒற்றைப் பெருங்கோபுரத்தை வைத்தார். போட்டியில் தமக்கு வெற்றி தேடித்தந்த வடிவத்தையே தூக்கியெறிந்த அந்தத் துணிவு தாத்தாவிடம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் வெளியுறவு அலுவலகக் கட்டடத்தை கோத்திக்கில் வரைந்துவிட்டு, பிரதமர் பாமர்ஸ்டனின் பிடிவாதத்துக்குப் பணிந்து இத்தாலியப் பாணியில் கட்டிக்கொடுத்தவர்.

ஜைல்ஸ் கட்டிய மற்றவற்றைப் பலரும் அறிவார்கள். சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, பேட்டர்சீ மின்நிலையத்தின் வெளித்தோற்றம், இன்று டேட் மாடர்ன் அருங்காட்சியகமாக இருக்கும் பாங்க்சைடு மின்நிலையம், போரில் குண்டு விழுந்து அழிந்த மக்களவை மண்டபத்தின் மறுகட்டுமானம் ஆகியவை அவற்றுள் அடங்கும். கடைசியாகச் சொன்னதில் தம்பி அட்ரியனும் உடனிருந்தார். 1960இல் ஜைல்ஸ் இறந்தபோது லிவர்பூல் பேராலயம் முடிந்திருக்கவில்லை. அவருடைய அலுவலகத்தைச் சேர்ந்த ஃபிரடெரிக் தாமஸும் ரோஜர் பிங்க்னியும் மேற்கு முகப்பைச் செலவு குறையும்படி மாற்றியமைத்தார்கள். 1978இல் கட்டடம் நிறைவடைந்தது. இந்த இருவரின் பெயரை லிவர்பூலுக்குச் சுற்றுலா போய்வந்தவர்களில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஜைல்ஸின் மகன் ரிச்சர்ட் கில்பர்ட் ஸ்காட் லண்டன் கில்ட்ஹால் வளாகத்தில் தந்தையின் பணியைத் தொடர்ந்து, 1999இல் அங்கே கலைக்கூடத்தைக் கட்டி முடித்தார். அவருடைய காலத்தில் கோத்திக் என்ற பேச்சே முடிந்துபோயிருந்தது.

குடும்பப் பெயருக்குப் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டில் வரைபடங்களும், சொல்லிக்கொடுக்க ஆளும், கதவைத் தட்டினால் திறக்கும் பழைய மாணவர்களும் இருப்பது சிறிய சொத்தல்ல. ஆனால் அந்தச் சொத்து குடும்பத்தில் பிறந்த எல்லோருக்கும் சமமாகப் பிரிக்கப்படவில்லை. எலிசபெத் ஸ்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சர் ஜார்ஜுடைய சகோதரரின் பேத்தி. குடும்ப அலுவலகம் எதிலும் அவர் பயிலவில்லை; லண்டனில் கட்டடக்கலைப் பள்ளியில் படித்து, வேறொருவரின் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, ஸ்ட்ராட்ஃபோர்டில் ஷேக்ஸ்பியர் நினைவு அரங்குக்கான போட்டியில் 1928இல் வென்றார். 1932இல் திறக்கப்பட்ட அந்த அரங்கு, பிரிட்டனில் ஒரு பெண் வடிவமைத்த முதல் பெரிய பொதுக் கட்டடம். 22 வயதில் வென்ற ஜைல்ஸுக்கு அதன்பின் வாழ்நாள் முழுவதும் பெரிய வேலைகள் வந்துகொண்டே இருந்தன. எலிசபெத்துக்கு அந்த அளவில் இன்னொரு வேலை வரவே இல்லை. போர்ன்மத் நகராட்சியின் கட்டடப் பிரிவில் ஊழியராகச் சேர்ந்து, கடற்கரைப் பாலத்தின் மேல் ஓர் அரங்கு உள்ளிட்ட நகராட்சி வேலைகளைச் செய்து, 1968இல் ஓய்வு பெற்றார். 2015இல் வெளியான பிரிட்டிஷ் கடவுச்சீட்டின் பக்கங்களில் அவருடைய உருவம் அச்சிடப்பட்டது. அவர் இறந்து அப்போது 43 ஆண்டுகள் ஆகியிருந்தன.