வட்டுவாகல் பாலமும் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியும்

எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பர்மாக் காகிதங்கள் இன்னும் இருக்கின்றன. 1942-ல் ஜப்பான்காரன் ரங்கூனுக்குள் வந்த சமயம் ஐயா கால்நடையாகக் கிளம்பி ஊர் வந்து சேர்ந்தவர். அப்புறம் அங்கே சுதந்திரம் வந்து நிலத்தையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. ஒரு குழி நிலம்கூடத் திரும்பாது என்று தெரிந்தும் அப்பச்சி வருஷத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டைப் பிரித்து, கரையான் பார்த்து, புதுத் துணியில் கட்டி வைப்பார். நிலத்துக்கே 80 வருஷமாகக் காகிதம் காக்கிற ஊர் எங்கள் ஊர்.

போன மாசம் காரைக்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில், இலங்கைப் போரில் காணாமல்போனவர்களைப் பற்றியும் ஐ.நா. விசாரணையைப் பற்றியும் பேச்சு வந்தபோது, பங்காளி முறையில் எனக்கு அண்ணன் ஒருத்தர், "அங்க எல்லாம் முடிஞ்சு இத்தனை வருஷமாச்சு, இன்னும் எதுக்கப்பா ஜெனிவா, விசாரணைன்னுக்கிட்டு?" என்றார். எனக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை.

எங்கள் பக்கத்து இலங்கை அகதிகள் முகாமில் ஒரு அக்கா இருக்கிறார், 2006-ல் படகில் வந்தவர், ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறார். அவருடைய தங்கை வட இலங்கையின் வன்னியிலேயே தங்கிவிட்டார். 2009 மே 18, போர் முடிந்த நாள், முல்லைத்தீவுப் பக்கம் வட்டுவாகல் பாலத்தடி. புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்று ராணுவம் அறிவித்ததை நம்பி, தங்கை தன் மகனைத் தன் கையாலேயே ஒப்படைத்தார். பஸ்ஸில் ஏற்றினார்கள். அவ்வளவுதான். அக்காவிடம் ஒரு மஞ்சப்பை இருக்கிறது, அதில் வெள்ளைச் சட்டையில் அந்தப் பையனின் பள்ளிக்கூடப் போட்டோ, தங்கை அனுப்பிய புகார் நகல்கள், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து டேப் ஒட்டியவை. "செத்திட்டான் எண்டால் அதையாவது சொல்லட்டும் தம்பி, ஆர் கொண்டுபோனதெண்டும் சொல்லட்டும்" என்றார். தங்கை, 2017 பிப்ரவரியில் காணாமல்போன பிள்ளைகள் எங்கே என்று கேட்டு கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்னால் போராட்டம் உட்கார்ந்த தாய்மாரில் ஒருத்தி. கூட உட்கார்ந்தவர்களில் பலர் பதில் தெரியாமலே செத்துப்போனார்கள். 2022-ல் இலங்கை அரசு ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாகச் சொன்னது, அந்தத் தாய்மார் வேண்டாம் என்றார்கள். வட்டிக்கணக்கிலேயே வளர்ந்தவன் நான், பணம் கொடுத்து நேராக்க முடியாத கணக்கு எது என்று எனக்குத் தெரியும்.

உள்நாட்டிலேயே விசாரித்துக்கொள்ளட்டுமே என்கிறவர்கள் யாழ்ப்பாணப் பக்கத்து மிருசுவில் கிராமத்தைப் பாருங்கள். 2000 டிசம்பரில் ராணுவத்தினர் ஊர்ச்சனம் 8 பேரைக் கொன்று புதைத்தார்கள், அதில் 5 வயதுக் குழந்தையும் உண்டு. தீர்ப்பு வர 2015 ஆனது, மரண தண்டனை கிடைத்தது ஒரே ஒரு ராணுவக்காரனுக்கு. 2020 மார்ச்சில் அவனுக்கும் ஜனாதிபதி பொதுமன்னிப்புக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தூக்கு எனக்கு உடன்பாடில்லை, அது வேறு பேச்சு, ஆனால் குற்றம் உறுதியானவனை இப்படி விட்டால் வட்டுவாகலில் நின்ற தாய் எந்தக் கோர்ட்டை நம்புவாள்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கோபம் வரும். ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை, பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலேயும் ஆஸ்பத்திரிகள் மேலும் ராணுவம் ஷெல் அடித்ததைச் சொல்கிறது. தப்பி ஓடிய சனத்தைப் புலிகள் சுட்டதையும், பிள்ளைகளைப் பிடித்துப்போனதையும் அதே அறிக்கைதான் சொல்கிறது. இரண்டுக்கும் பதில் வேண்டும். 1987 அக்டோபரில், தீபாவளி சமயத்தில், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நம் அமைதிப்படை சுட்டு நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்களே, அதற்கு யார் பொறுப்பு என்று இந்தியக் குடிமகனாக நானும் கேட்கத்தான் வேண்டும்.

2021-ல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானப்படி சாட்சியங்களைத் திரட்டிப் பாதுகாக்கிற வேலை ஜெனிவாவில் தொடங்கியது. அதை வைத்து வழக்கு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் சாட்சி சொல்ல வேண்டியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. நம் பக்கத்து முகாம்களில் யாரையாவது தெரிந்தவர்கள் தயவுசெய்து உட்கார்ந்து கேளுங்கள். தேதி, இடம், கடைசியாக யார் கையில் ஒப்படைத்தார்கள், பஸ் எந்தப் பக்கம் போனது, எல்லாவற்றையும் அவர்கள் சம்மதத்தோடு அவர்கள் சொல்கிறபடியே எழுதி, அவர்களிடமே ஒரு நகல் கொடுங்கள்.

அக்காவின் மஞ்சப்பையை ஞாயிற்றுக்கிழமை வாங்கி வந்தேன். 37 தாள் இருந்தது. ஸ்கேன் பண்ணி முடித்துவிட்டேன், போட்டோவின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்த தேதி மட்டும் சரியாக விழவில்லை, அதை நாளைக்குப் பகல் வெளிச்சத்தில் முற்றத்தில் வைத்து எடுக்க வேண்டும்.