எதிலிருந்து உயிர் தப்பினார்கள்?

நேற்றிலிருந்து அந்த விமான வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். ‘நடுவானில் திக் திக் நிமிடங்கள்’, ‘மயிரிழையில் உயிர் தப்பிய பயணிகள்’. எதிலிருந்து தப்பினார்கள் என்று மட்டும் ஒருவரும் எழுதக் காணோம்.

விமானம் இறங்க வந்தது, சரிப்படவில்லை, மேலே ஏறி ஒரு சுற்று சுற்றி வந்து இறங்கியது. இதற்குப் பெயர் கோ-அரவுண்ட். பைலட்டுகளான எங்களுக்கு வழக்கமான வேலை. முன்னால் இறங்கிய விமானம் ரன்வேயை விட்டு விலகவில்லையா, மேலே போவோம். காற்று திடீரென்று மாறுகிறதா, மேலே போவோம். 1000 அடிக்கு வரும்போது வேகமும் இறங்கும் கோணமும் கணக்கில் நிற்கவில்லையா, அப்போதும் மேலேதான். சிமுலேட்டர் தேர்வில் இதைச் செய்து காட்டாமல் யாரும் தேறமுடியாது. வழக்கமான வேலை, மறுபடியும் சொல்கிறேன்.

“அப்படியென்றால் பைலட் ஏன் உடனே அறிவிக்கவில்லை?” என்று ஒரு நண்பர். ஐயா, அந்த நேரத்தில் இன்ஜினுக்கு விசை கொடுக்கணும், மூக்கைத் தூக்கணும், இறக்கையின் பின்பக்கம் நீட்டியிருக்கும் ஃபிளாப்பை ஒரு படி குறைக்கணும், ஏறுகிறது என்று உறுதியானதும் சக்கரத்தை மடக்கணும், டவருக்குச் சொல்லணும். மைக்கைப் பிடித்து உங்களுக்கு விளக்குவதெல்லாம் அதற்கப்புறம்தான். எரிபொருள் வீணாம். அதற்கும் சேர்த்துத்தான் நிரப்பிக்கொண்டு கிளம்புகிறோம், ஆளை விடுங்கள்.

சரி, பயமாக இருந்தது என்கிறீர்கள், நியாயம். இன்ஜின் உறுமி முதுகு சீட்டோடு ஒட்டினால் யாருக்கும் வயிறு கலங்கும். அதற்காக ‘ஓட்டத் தெரியாதவன்’ என்பதா?

நான் கோ-பைலட்டாக இருந்தபோது ஒரு மழை நாள். 200 அடியில் ரன்வே விளக்கே தெரியவில்லை. கேப்டன் மேலே எடுத்தார், அடுத்த சுற்றில் இறங்கினோம். கதவருகே நின்று வழியனுப்பிக்கொண்டிருந்தேன். ஒருவர் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே காட்டி, “முதல் தடவையே ஒழுங்கா இறக்கத் தெரியாதா தம்பி?” என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். கேப்டன் ஏதோ எழுதுகிறவர் போலக் காகிதத்தில் குனிந்துகொண்டார்.

2010 மே 22, மங்களூர் விமான விபத்து. கோ-அரவுண்ட் போகச் சொல்லி அந்த விமானத்தின் கோ-பைலட் மூன்று முறை சொன்னார். கேப்டன் இறங்கவே பார்த்தார். 158 பேர் போய்விட்டார்கள். விசாரணை அறிக்கையிலேயே இருக்கிறது. மேலே போனால் கேலி, போகாவிட்டால் இரங்கல் பதிவு. இரண்டையும் போடுவது நீங்கள்தானே?

கோ-அரவுண்ட் போனதற்காக யாரையும் தண்டிப்பதில்லை என்று விமான நிறுவனங்களே விதி வைத்திருக்கின்றன. சம்பளம் கொடுக்கிறவன் கேட்காததை நீங்கள் கேட்கிறீர்கள். இதில் அந்த வீடியோ விமானத்தின் இரண்டு பைலட்டுகளின் பெயரையும் போட்டோவையும் போடச் சொல்லிக் கமெண்டில் வேறு சண்டை. அப்படிக் கேட்டவர்களை இன்றிரவே நட்புப் பட்டியலிலிருந்து எடுக்கிறேன். விளக்கம் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள்.