முற்றத்தை மூடும் முன் ஒரு வார்த்தை

கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கிற பழைய கடைவீட்டின் முற்றத்துக்கு மேல் கண்ணாடிக் கூரை போட்டு மூடிவிட்டால் ஏர்கான் செலவு குறையும் என்று உங்கள் கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். சரி, குறையலாம். ஆனால் குறுகலாக, நீளமாக, இரண்டு பக்கமும் பொதுச்சுவரோடு நிற்கிற வீட்டின் நடுப்பகுதிக்கு வெளிச்சமும் காற்றும் வருவதே அந்தத் திறப்பு வழியாகத்தானே? அதை அடைத்தால் பட்டப்பகலில்கூட விளக்கு போட வேண்டியதுதான்.

சுவர் விஷயத்திலும் இதே கதைதான். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் எங்கள் மாமாவின் கடைவீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. புதுப்பிப்பு வேலையை எடுத்த குத்தகையாளர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசி, பளபளவென்று பெயிண்ட் அடித்தார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிர ஆரம்பித்தது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக ஆவியாகிவிடும், சிமெண்டோ அதை உள்ளேயே அடைத்துவைக்கும். மறுபடி சுண்ணாம்பே பூசினோம். காயக் காயப் பொறுத்திருக்க வேண்டும், அதற்கு மாமியின் திட்டு வேறு.

1989இல் லிட்டில் இந்தியா பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டதிலிருந்து முகப்பையோ, கடைக்கு முன்னால் கூரைக்கடியில் ஓடும் ஐந்தடி நடைபாதையையோ நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் அனுமதி வேண்டும். பலர் சலித்துக்கொள்கிறார்கள், எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. மின்கம்பி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் தாராளமாகப் புதிதாகப் போடுங்கள். அப்புறம், மாடியில் மரத்தளத்தின்மேல் குளியலறை வைப்பதாக இருந்தால் முதலில் உத்தரங்களில் கரையான் இருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள்.